எங்கோ என்றொரு ஊர்

கல்லேரி மடத்து அருளம்பல அடிகளுக்குச் சிஷ்யர்கள் அதிகம் இல்லை. இருந்தவர்களில் செங்கமலம் அவரைவிட வயதில் மூத்தவள். அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'சாமி' என்பாள்.

அவள் மடத்துக்கு வந்தது சாமியைத் தேடி அல்ல. மகனைத் தேடி.

பூவரசன் ஒன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனான். கணவன் அதற்கு முன்பே போயிருந்தான். காரியம் முடிந்து, வந்த உறவெல்லாம் கலைந்து, வீட்டில் தையல் மெஷினும் அவளும் மட்டும் மிஞ்சியபோது, யாரோ சொன்னார்கள் என்று கல்லேரிக்கு பஸ் ஏறினாள். அடிகள் அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்தார். காவி புதிது. முகத்தில் கல்லூரிப் பையனின் களை இன்னும் போகவில்லை.

"என் புள்ளை எங்க சாமி போனான்?"

அவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உயிர் அழியறதில்லம்மா. எங்கோ பிறந்திருப்பான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். எங்கோ என்றால் ஓர் இடம். இடம் என்றால் அதற்கு ஒரு வழி இருக்கும். வழி இருந்தால் என்றைக்காவது எதிர்ப்படலாம்.

வீட்டைப் பூட்டிவிட்டு வந்து மடத்திலேயே தங்கிவிட்டாள். தீட்சை வாங்கினாள். மடத்தில் மத்தியானம் சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். அந்த அடுப்படியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அடிகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஒரே இடத்தில் பார்க்கக் கிடைப்பது அங்கேதான்.

பூவரசன் எப்போதும் ரசத்தில்தான் ஆரம்பிப்பான். குழம்பு பிறகுதான். எந்தப் பிள்ளையாவது "எனக்கு முதல்ல ரசம்" என்று தட்டை நீட்டினால் செங்கமலத்தின் கை ஒரு கணம் நின்றுவிடும். அந்தப் பிள்ளையின் கண்ணையே பார்ப்பாள். அது திருதிருவென்று முழிக்கும். பிறகு ஊற்றுவாள்.

இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வருஷக்கணக்கில் அதுதான் அவளை உயிரோடு வைத்திருந்தது.

குருபூஜை வந்தது.

அந்த வருஷம் மடத்தில் சர்வசமயக் கூட்டம் வைத்தார்கள். பேச்சுக்கு எடுத்துக்கொண்டது புதுமாதிரியான விஷயம்: வேற்று உலகங்களில் உயிர்கள் உண்டா? சமயங்கள் என்ன சொல்கின்றன? அது பற்றிப் பேப்பரில் அடிக்கடி செய்தி வந்துகொண்டிருந்த சமயம். பந்தல் நிறைய ஜனம். செங்கமலம் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டே ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் நவநீதம் என்று ஒரு பேராசிரியை பேசினார். வானத்தில் தெரிகிற நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு சூரியன், அவற்றில் பலவற்றைச் சுற்றி நம் பூமி மாதிரி உருண்டைகள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் உயிர் இருக்கலாம் என்றார்.

ஹஜ்ரத் ஒருவர் எழுந்தார். "நாங்க தொழுகையில இறைவனை எல்லா உலகங்களுக்கும் அதிபதின்னுதான் சொல்றோம். ஒரு உலகத்துக்குன்னு சொல்லல. அதனால எனக்கு இதுல அதிர்ச்சி இல்ல" என்றார்.

பாஸ்டர் ஜெபசிங் கொஞ்சம் தடுமாறினார். "அங்கேயும் ஜனங்க இருந்தா, அவங்களும் பாவம் பண்ணியிருப்பாங்களா? பண்ணியிருந்தா கர்த்தர் அங்கேயும் போய்ச் சிலுவை சுமந்தாரா? இல்ல, இங்க சுமந்ததே அவங்களுக்கும் சேர்த்தா? உண்மையைச் சொல்றேன், எனக்குத் தெரியல" என்றார். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசியில் மடத்துப் புலவர் வைத்திலிங்கம். மைக்கை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

"அண்டங்கள் ஒன்றல்ல, எண்ணில் அடங்காதவை என்று நம் முன்னோர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்! ஒவ்வொன்றிலும் உயிர்கள் உண்டு. செய்த வினைக்கு ஏற்ப ஓர் உயிர் எந்த அண்டத்திலும் போய்ப் பிறக்கும். இன்று விஞ்ஞானி அம்மா வந்து சொல்வதை நாம் அன்றைக்கே சொன்னோம்!"

பந்தல் அதிர்ந்தது. விசில்கூடப் பறந்தது. புலவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செங்கமலத்தின் காலுக்கடியில் இருந்த அரிவாள்மணை சாய்ந்தது. எந்த அண்டத்திலும் என்றால்? இத்தனை வருஷமாக அவள் தேடியது இந்தச் செய்யாற்றுக் கரையில். மிஞ்சிப் போனால் வந்தவாசி, ஆரணி. எல்லோரும் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவள் பிள்ளை இரண்டாம் தடவை தொலைந்தான்.

கூட்டம் முடிந்ததும் பேராசிரியை காரில் ஏறப் போனார். செங்கமலம் ஈரக் கையோடு போய் நின்றாள்.

"அங்கல்லாம் உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டீங்களாம்மா?"

"இல்லம்மா. யாரும் கண்டுபிடிக்கல. இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"இருக்கலாம்னா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"இருந்தா, போக எவ்வளவு நாள் ஆகும்?"

பேராசிரியை அவளை உற்றுப் பார்த்தார். எதற்கோ கேட்கிறாள் என்று மட்டும் புரிந்தது. குரல் தணிந்தது. "இப்ப இருக்கிற ராக்கெட்டுல போனா, ஆயிரக்கணக்கான தலைமுறை ஆகும்மா. பக்கத்துல இருக்கிறதுக்கே."

ஹஜ்ரத் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டாள். மகனைப் பற்றி முழுக்கச் சொல்லிவிட்டே கேட்டாள்.

"மறுபிறவி எங்க வழியில கிடையாதும்மா" என்றார் அவர். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. மகன் எங்க இருக்கான்னு தெரியணுமா, பத்திரமா இருக்கான்னு தெரியணுமா?"

"ரெண்டும்தான் தெரியணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நானா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றார்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பையன் எந்தக் கிரகத்துலயும் இல்ல. ஆண்டவர் கையில இருக்கான்."

"அந்தக் கை எங்க இருக்கு?"

பாஸ்டர் அவளுக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புலவரையும் சேர்த்து நாலு பேரும் நல்லவர்கள். நாலு பேரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வழி கேட்டவளிடம் நாலு திசையைக் காட்டிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அடிகளிடம் போனாள். அவர் தோட்டத்தில் புடலங்காய் நேராக வளரக் கல் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, எங்கோன்னு சொன்னீங்களே. எங்கோன்னா எங்க?"

"தெரியாதும்மா."

"இந்தப் பூமிக்குள்ளதானே?"

"தெரியாது."

"தெரியாமலா சொன்னீங்க?"

"தெரியாததாலதான் எங்கோன்னு சொன்னேன்."

செங்கமலத்துக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வணங்காமல் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. அடுப்பு மூட்டினாள், உலை வைத்தாள். கை வேலை செய்தது. மனசு எங்கோ அலைந்தது. ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. இன்னொரு நாள் உப்பே இல்லை. பரிமாறும்போது தட்டை மட்டும் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது?

மனசுக்குள் கேள்விகள் ஈசல் மாதிரி கிளம்பின. அங்கே சோறு உண்டா? சோறு இல்லையென்றால் எதைத் தின்பார்கள்? அங்கே பிள்ளைகளை யார் பெறுகிறார்கள்? அம்மா என்று ஒருத்தி உண்டா, இல்லை மீன் குஞ்சு மாதிரி பொரிந்து தன் பாட்டுக்குப் போய்விடுமா? இடி இடிக்குமா? பூவரசனுக்கு இடி என்றால் பயம். அவளது முந்தானைக்குள் நுழைந்துகொள்வான். முந்தானை இல்லாத ஊரில் எங்கே நுழைவான்? எதிரே வந்தாலும் அவனை எப்படி அடையாளம் தெரியும்? கண்ணே இல்லாத ஜென்மமாகப் பிறந்திருந்தால் எந்தக் கண்ணைப் பார்ப்பது?

போகப் போக அந்தக் குழப்பம் கோயில் சாமி வரைக்கும் போனது. சந்நிதியில் நந்தியைப் பார்த்தாள். அங்கே மாடு உண்டா? மாடே இல்லாத உலகத்தில் சிவன் எதன் மேல் வருவார்? திருநீறு எதிலிருந்து எடுப்பார்கள்? நம் சாமி அங்கே நம் சாமி மாதிரி இல்லையென்றால், அவன் கும்பிடுவது யாரை? இவள் வேண்டிக்கொள்வது யாரிடம்? இங்கே சொல்லிவைத்தது அங்கே போய்ச் சேருமா?

ஒரு நாள் அடிகள் எதிரே வந்தபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"சாமி, அந்த ஊர்ல சாமி எப்படி இருப்பார்?"

"இப்ப அபிஷேகம் ஆகப் போகுது. போய்ப் பாருங்க."

போனாள். குருக்கள் நாகாபரணத்தைக் கழற்றியிருந்தார். பட்டு, பூ, விபூதிப் பட்டை, சந்தனத்தால் வைத்த கண்கள் எல்லாவற்றையும் களைந்திருந்தார். நீர் வழிய வெறும் லிங்கம் நின்றது. முகம் இல்லை. கை இல்லை. எந்த ஊர் ஆள் என்று சொல்ல முடியாத உருவம். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இது பதிலா, இல்லை குரு தன்னை அனுப்பிவைத்துத் தப்பித்துக்கொண்டாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. போனபோது இருந்ததைவிடத் தலை அதிகமாகக் கனத்துத் திரும்பினாள்.

ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. வந்தவாசியில் தங்கை இருந்தாள். 'எப்ப வேணாலும் வந்துடு அக்கா' என்று சொல்லிக்கொண்டே இருப்பவள். செங்கமலம் துணிகளைப் பையில் அடைத்தாள். அடுப்படிச் சாவியைக் கொண்டுபோய் அடிகள் முன்னால் வைத்தாள்.

"நான் போறேன் சாமி."

"எங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. இங்க எனக்கு இனிமே வேலை இல்ல. நான் புள்ளைங்களுக்குச் சோறு போட வரல. என் புள்ளையைப் பார்க்க வந்தேன். அவன் இங்க வரிசையில வந்து நிப்பான்னு நெனச்சேன். நீங்களும் நெனைக்க விட்டீங்க."

"ஆமா" என்றார் அடிகள். "விட்டேன்."

அவர் மறுக்கவில்லை என்பதே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"இன்னைக்குச் சமையலுக்கு அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன். பருப்பு வேகப் போட்டாச்சு. யாராவது தாளிச்சு இறக்கிக்கட்டும்."

"சரி. பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன். பையைக் குடுங்க."

"வேணாம் சாமி, நல்லா இருக்காது."

"குடுங்கம்மா."

ஏரிக்கரை மேலேயே நடந்தார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போனார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. புத்திமதி சொல்லுவார், தான் மறுத்துப் பேசலாம் என்று மனசுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தவளுக்கு அதுவும் ஏமாற்றமாகிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பை நடுவில் இருந்தது.

"ஒரு கதை சொல்லட்டுமா?" என்றார் அடிகள்.

"இப்பவா?"

"பஸ் வர்ற வரைக்கும்."

அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள். அவர் ஆரம்பித்தார்.

"ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா."

"எந்த ஊர்ல?"

"நம்ம ஊர் இல்ல. நம்ம பூமியும் இல்ல. அவங்களுக்குச் சூரியனே வேற."

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைத் துழாவினாள். முகத்தில் கேலி இல்லை.

"அவளுக்குக் கை கால் எல்லாம் உண்டா?"

"தெரியாது. ஆனா ஒரு புள்ளை இருந்துச்சு."

"அவ பெத்த புள்ளையா?"

"அந்த ஊர்ல எப்படி வருமோ, அப்படி வந்துச்சு. கொஞ்ச காலம் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு."

"சீக்கா?"

"அந்த ஊர்ச் சீக்கு."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ம்" என்றாள்.

"அவ குருகிட்ட போனா. எங்க போச்சுன்னு கேட்டா. உயிர் அழியாது, எங்கோ பிறந்திருக்கும்னு சொல்லிட்டார்."

"அவருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். அவ நின்ன நிலையைப் பார்த்தப்போ அவருக்குச் சொல்ல வரல."

செங்கமலம் தரையைப் பார்த்தாள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அப்புறம்?"

"அவங்க ஊருக்குள்ளயே தேடினா. ஒவ்வொரு புள்ளையா பார்த்தா. அப்புறம் யாரோ அவகிட்ட சொன்னாங்க, வானத்துல வேற வேற உலகம் இருக்கு, உயிர் அங்கயும் போய்ப் பிறக்கும்னு. சொன்னவங்களுக்கு அது பெருமை. அவளுக்குப் புள்ளை மறுபடியும் தொலைஞ்சு போச்சு."

வந்தவாசி பஸ் வந்து நின்றது. புழுதி அடங்கவில்லை. கண்டக்டர் படியிலிருந்து குனிந்தார்.

"ஏறுங்கம்மா!"

செங்கமலம் எழுந்தாள். பையை எடுத்தாள். படி வரைக்கும் போனாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அடிகள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளைக் கூப்பிடவில்லை.

"ஏறுறீங்களா இல்லையா?"

காலை இறக்கினாள். "அடுத்த வண்டியில வர்றேன்."

"நல்லா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு அவர் விசில் கொடுத்தார். பஸ் போனது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பை மடியில் இருந்தது.

"புள்ளை மறுபடியும் தொலைஞ்சு போச்சு. அப்புறம்?"

"நிமிர்ந்து வானத்தைப் பார்த்தா. நெறைய புள்ளி. அதுல ஒரு ஓரமா, ரொம்ப மங்கலா ஒண்ணு. அது மேல அவ கண்ணு நின்னுடுச்சு."

"நட்சத்திரமா?"

"அவளுக்கு நட்சத்திரம்." அடிகள் தலைக்கு மேலே கொளுத்திக்கொண்டிருந்த சூரியனைக் காட்டினார். "இதோ, இதுதான்."

செங்கமலம் கண் கூச அண்ணாந்தாள். உடனே குனிந்துகொண்டாள்.

"அவ குருகிட்ட ஓடினா. சாமி, அந்தப் புள்ளிகிட்ட ஏதாவது ஒரு உலகத்துல என் புள்ளை பிறந்திருந்தா, அந்த ஊர்ப் பாஷை தெரியாம, அந்த ஊர் உடம்போட, பசின்னு போய் நின்னா, யாருன்னு கேட்காம ஒரு வாய் சோறு போட அங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டா."

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. செங்கமலம் பையின் காதைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் அதை முறுக்கின, விட்டன, மறுபடி முறுக்கின. ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. பிடிக்கப் போனால் நழுவியது. அப்படியென்றால் வரிசையில் நிற்பது யாருடைய பிள்ளைகள்? பூவரசன் எங்கே என்பதற்கு இது பதில் இல்லையே. இருந்தும் எழுந்து போக ஏன் மனசு வரவில்லை?

"குரு என்ன சொன்னார்?" என்றாள்.

அடிகள் எழுந்து காவியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"அவ வாசல்லயேதான் நிக்கிறா. இங்க விசாரிச்சுச் சொல்றேன்னு குரு சொல்லியிருக்கார்."